இல்மியின் குளியலறைத் தரை

அமெரிக்காவின் துலூத் நகரில் பழைய மரவீடு வாங்கி, குளியலறைக்கு டைல்ஸ் போட நினைப்பவர்கள் முதலில் கூப்பிடுவது வெய்னோவைத்தான். டைல்ஸ் பதிக்க வேறு ஆள் வருவான். அதற்கு முன் கழிப்பறைக் கோப்பையைக் கழற்றி, ஈரம் குடித்த பலகைகளைப் பெயர்த்து, அடியில் உளுத்த கட்டைகளை மாற்றி, புதுப் பலகை அடித்துத் தருவது இவன். "பழசு மேலயே அடிச்சிடேன்" என்று யாராவது சொன்னால், "சொத்தைப் பல்லுக்குத் தங்க உறையா?" என்று சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்படியொரு வீம்பு.

அவன் வீட்டுக் குளியலறை மட்டும் அப்படியே கிடந்தது. கோப்பையைச் சுற்றிக் கால் வைத்தால் பலகை அமுங்கும். "ஊர் வீட்டுத் தரையெல்லாம் தெரியுதுடி அந்த மனுஷனுக்கு. சொந்த வீட்டுக்குள்ள வந்தா கண்ணு அவிஞ்சு போயிடுது" என்பாள் அவன் மனைவி இல்மி, பக்கத்து வீட்டுக்காரியான என்னோடு காப்பி குடித்துக்கொண்டே. கேட்டால், "பனி உருகட்டும்" என்பான். எத்தனையோ முறை உருகியது.

ஒருநாள் பலகை உள்வாங்கி இல்மி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. வாக்கரைப் பிடித்துத் தானாகக் குளியலறைக்குப் போய்வர முடிந்தால்தான் சொந்த வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் மகளோடுதான் இருக்கவேண்டும் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வெய்னோ அப்போதும் ஏரிக்கரையில் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறை வேலையை விடவில்லை. மிச்ச நேரத்தில் ஓட்டையை அடைத்து, பழைய தரைமேலேயே பலகை, அதன்மேல் சிமெண்ட் அட்டை, அதன்மேல் டைல்ஸ் என்று ஏற்றினான்.

"என்ன வெய்னோ, பேத்தெடுக்கலையா?" என்றேன்.

"அவ நாளைக்கு வர்றா. வாயை மூடிக்கிட்டுப் போறியா?"

மகள் எல்சா பின்னால் தாங்கிவர, இல்மி வந்தாள். குளியலறை வாசலில் வாக்கர் முட்டி நின்றது. அடுக்குமேல் அடுக்காகத் தரை இரண்டு விரல் உயர்ந்திருந்தது. தூக்கிவைக்கப் பார்த்தாள்; இடுப்பு விடவில்லை. மறுபடி முயன்றாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"சரிவா ஒரு கட்டை அடிச்சுத் தர்றேன், இதோ" என்று வெய்னோ ரம்பத்தைத் தேடினான்.

"டாக்டர் வீட்டுல பேத்தெடுத்தியா, மேலயே அடிச்சியா?"

அவன் ரம்பத்தையே தேடிக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"பேத்தெடுத்தேன்."

"எல்சா, காரை எடு."

எனக்கு அவன்மேல் இரக்கமே வரவில்லை. வாக்கரைத் திருப்பவே இல்மிக்கு வெகுநேரம் ஆயிற்று. உதவ நீண்ட அவன் கையை அவள் பிடிக்கவில்லை.

எல்சா வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் இல்லை, மலிவான ரப்பர் விரிப்புதான். கடைசிவரை இல்மி அதில்தான் நடந்தாள்.