பட்டு என்ற சொல்லால் வந்த போர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். வருஷா வருஷம் ‘போருக்கான காரணங்கள்’ என்று கரும்பலகையில் எழுதி, நீண்டகாலக் காரணங்கள் ஒரு பக்கம், உடனடிக் காரணம் ஒரு பக்கம் என்று கோடு கிழிப்பேன். உடனடிக் காரணத்தைப் படித்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். “இதுக்கா டீச்சர் அடிச்சுக்கிட்டாங்க?” என்பார்கள். போன வருஷம் வரைக்கும் நானும் கூடச் சிரித்தேன்.

என் போரின் உடனடிக் காரணம் ஒரு முந்தானை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கையில் பையும் காலில் வலியுமாகத் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டில் நின்றுகொண்டு, “ஏட்டி, சேலை புதுசா?” என்று கேட்டார். நான் பெருமையாக முந்தானையை விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான், அவர்கள் வீட்டு வெள்ளை நாய் ஒரே பாய்ச்சல். நான் ஒரு பக்கம் விழுந்தேன், பை ஒரு பக்கம் விழுந்தது, முந்தானையில் ஒரு சாண் கிழிசல்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நாய்க்கும் தெலுங்குதான். அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அதற்கு மூன்று சொல் பழக்கியிருந்தார். ‘ரா’ என்றால் வா. ‘கூச்சோ’ என்றால் உட்கார். ‘பட்டு’ என்றால் பிடி. ஒவ்வொன்றையும் பட்டாளத்துக்காரர் மாதிரி கையை வீசித்தான் சொல்லுவார். சொல்லாமல் பாய்கிற நாயும் சரி, காவலுக்கு ஆகாத நாயும் சரி, வத்திராயிருப்பில் இருக்கிற தன் தோப்பில் தென்னை மரத்தடியில் சங்கிலியோடு கிடக்கவேண்டியதுதான் என்பது அவர் சட்டம். அக்காவுக்கோ பிள்ளை இல்லை. அந்த நாய்தான் எல்லாம்.

நான் எழுந்து தூசி தட்டுவதற்குள் அக்கா கத்தினார்: “நீ பட்டுன்னு சொன்னே! அதான் பாய்ஞ்சுட்டான்!”

“நான் எங்க சொன்னேன்? வாயே தொறக்கலையே!”

“சேலையக் காட்டிப் பட்டுன்னு சொன்னே. என் காதால கேட்டேன்!”

சத்தியமாகச் சொல்லவில்லை. எனக்கு வந்ததே கோபம்! விழுந்தது நான், கிழிந்தது என் சேலை, குற்றவாளியும் நானா? வாசலுக்கு வந்த அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: “அவ சொல்லியிருந்தா நாய் மேல தப்பு இல்ல. சொல்லலைன்னா தோப்புக்குப் போயிரும். எல்லாரையும் கேட்டு விசாரிச்சு முடிவு சொல்லுதேன்.” மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு விசாரணை வைத்தார்.

அதுவரைக்கும் போர். தெரு இரண்டாகப் பிரிந்தது. அக்கா வீட்டுக்குக் கிழக்கே இருந்த கீழ்ச்சாரி அக்கா பக்கம், எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த மேல்சாரி என் பக்கம். பால்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டி இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பால் ஊற்றினார். அக்கா பொருளாதாரத் தடை விதித்தார். அதாவது, அவர் வீட்டு மரத்துக் கறிவேப்பிலை நின்றுபோனது. பதிலுக்கு நான் என் கோலத்தை எல்லை தாண்டிப் போட்டேன். என் கணவர் நடுநிலை நாடு. எனக்குத் தெரியாமல் அங்கே போய்க் காபி குடித்துவிட்டு, மீசையில் நுரையோடு வந்து சமாதானம் பேசுவார். பன்னிரண்டு வருஷமாக ‘ஏட்டி’ என்று கூப்பிட்ட அக்கா, இப்போது என்னை ‘டீச்சர்’ என்றார். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஜெயிக்கிற வெறியில் ஒரு நாள் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். தண்ணீர் லாரி வந்து தெருவே குடத்தோடு நின்ற நேரம். “பட்டுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அது பட்டுச் சேலையே இல்ல! கலப்பு நூல்! தள்ளுபடியில எடுத்தது!” என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதே சேலையைப் பட்டு என்று சொல்லித்தான் அந்தக் கல்யாண வீடு முழுக்கச் சுற்றி வந்திருந்தேன். என் பக்கத்து மேல்சாரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வெற்றிக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் எங்கள் தெரு வழியாகச் சாமி ஊர்வலம் வந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக் கேட்டை ஒட்டி ஒரு வேட்டு போட்டார்கள். அப்பப்பா! காக்கா எல்லாம் பறந்தது. என் கணவர் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். கேட்டுக்கு உள்ளே நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. காதுகூட அசையவில்லை.

அக்கா பதறி ஓடிவந்தார். நாயின் பக்கத்தில் தரையில் இரண்டு தடவை காலால் தட்டினார். அது கண்ணைத் திறந்தது. உள்ளங்கையைக் காட்டினார், உட்கார்ந்தது. வாயே திறக்கவில்லை. நிமிர்ந்தவர் மாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

நான் இறங்கிச் சுவரோரம் போனேன்.

“செவிடாக்கா?”

“குட்டியிலிருந்தே. அவருக்குத் தெரியாது. அவர் வீசுற கையப் பாத்துத்தான் எல்லாம் செய்யுதான்.”

“அப்ப என் மேல எதுக்குப் பாய்ஞ்சான்?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “உன் பையில பால்கோவா இருந்துச்சுல்ல. அரைக் கிலோவையும் காகிதத்தோட தின்னுட்டான்.”

அந்தப் பால்கோவாவை நான் வாங்கி வந்ததே அக்காவுக்குத்தான். விழுந்த இடத்தில் எங்கேயோ தொலைந்தது என்றே நினைத்திருந்தேன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. இருபது நாள்! கறிவேப்பிலை இல்லாத ரசம்! சேலை மானம் தெருவில்!

“செவிடுன்னு தெரிஞ்சா காவலுக்கு ஆகாதுன்னு தோப்புல விட்டுருவாரு. அங்க ராத்திரி காட்டுப்பன்னி வரும். இவனுக்குக் கேக்காது” என்றார் அக்கா. குனிந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் மாடிக்குப் போய் மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே கூடியிருந்தது. காலடியில் நாய். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் எனக்கு முழு வெற்றி. தூணுக்குப் பின்னால் அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“சொல்லும்மா. பட்டுன்னு சொன்னியா, சொல்லலையா?”

“சொன்னேண்ணே” என்றேன். “நல்லாச் சத்தமாவே சொன்னேன்.”

“பொறவு பட்டே இல்லைன்னு கத்துனியே?”

“அதும் பொய். பட்டுதான்.”

மேல்சாரி ‘சே’ என்று கலைந்து போனது. என் கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அண்ணன் பூரித்துப்போய் நாயின் தலையைத் தடவினார். “பாத்தியளா! ரெண்டு பேரும் பேசிட்டு நிக்கும்போது அந்த ஒரு சொல்லு மட்டும் எப்படிக் கேட்டிருக்கு! என்னா காதுங்கேன்!”

“ஏட்டி” என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “கறிவேப்பிலை பறிச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போ.”

அந்தக் குரலில் இருந்த அழுகை எனக்குக் கேட்டது. நான் சொன்ன பொய்யைத் தெருவே கேட்டது. யாருக்காகச் சொன்னேனோ அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவன் மூக்கை நீட்டி, என் கையிலிருந்த புதுப் பால்கோவாப் பையை மோந்துகொண்டிருந்தான்.