அவள் காதிலிருந்து கையை எடுத்த வீடு

எங்கள் மகளுக்கு ஐந்து வயதாகும்வரை அவளுடைய காதுகளை நான் சரியாகப் பார்த்ததில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் உள்ளங்கைகளால் அவற்றைப் பொத்தியே வைத்திருப்பாள். சோறு ஊட்டினாலும் அப்படித்தான், தெருவில் தூக்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான். தலை பின்னுவதற்காக என் மனைவி ஒரு கையை மெல்ல விலக்கினால், அந்தக் காதைத் தோளில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

ஆரணியில் பட்டுச்சேலை நெய்யும் எங்கள் தெருவில் விடிந்ததும் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு, பக்கத்து வீட்டில் ஆறு. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு அது காதில் விழுவதே இல்லை. மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் ஏதோ குறைந்ததுபோல் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவளுக்கு அப்படி இல்லை என்பது எங்களுக்குப் புரியவே மூன்று வருடம் ஆனது. பிடிவாதம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். நானும் ஒருநாள் கோபத்தில் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இழுத்தேன். அவள் சுவரில் போய்த் தலையை மோதிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் செய்தது செய்ததுதான்.

வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

"நமக்குச் சாதாரணமா கேக்கறது இவளுக்கு காதுக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி இருக்கும். முடிஞ்ச வரைக்கும் சத்தமில்லாத எடமா பாத்து வெச்சுக்குங்க. நீங்க இன்னா தொழில் பண்றீங்க?"

"தறிங்க மேடம். பவர்லூம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து ஒன்றாக விளையாடியவர்கள் நாங்கள். மத்தியானம் ஒரு இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நிறுத்துனா ஆளுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? கொழந்தைய பாத்தா எனக்கும் பேஜாராத்தான்பா இருக்குது. ஆனா நீயே சொல்லு, உன் தறி நாலும் இப்ப ஓடிகினுதானே இருக்குது?"

ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவர் பேசும்போதே என் தறிகளின் சத்தம் அவர் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் என் மச்சான், மனைவியின் அண்ணன், ஏலகிரி மலையில் இரண்டு நாளைக்கு ஒரு வீடு எடுத்திருந்தார். எங்களையும் கூப்பிட்டார். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மகள் வாந்தி எடுப்பாள் என்று என் மனைவி மடியில் துண்டும் பையுமாகத் தயாராக இருந்தாள். ஆனால் அவள் கார் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து மிக மெதுவான குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க. சத்தம் போடாம வாங்க."

மகள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டில் இரண்டு இட்லிகள். ஒரு கை தட்டில் இருந்தது. மற்றொரு கை தரையில் சும்மா கிடந்தது. இட்லியைப் பிய்த்துத் தானே வாயில் வைத்துக்கொண்டாள். காலை வெயில் அவள் காதுகளில் பட்டு அவை சிவப்பாகத் தெரிந்தன. மடல்களின் ஓரத்தில், வருடக்கணக்காகக் கை அழுத்திய இடம், தோல் கறுத்துத் தடித்திருந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுதால் அந்தச் சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயம்.

ஊருக்குத் திரும்பியதும் இரண்டு தறிகளை விற்றோம். அந்த மலையிலேயே உள்ளடங்கிய ஒரு கொய்யாத் தோப்பை ஒட்டி, தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு வந்தது. மீதிக்குக் கடன் போட்டு வாங்கினோம். சொந்தக்காரர்கள், "பட்டுக்காரன் மலையில பங்களா வாங்கிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அதன்பிறகு எங்கள் வருடம் அந்த வீட்டை வைத்துத்தான் நகர்ந்தது. பள்ளி விடுமுறை, தறி நிற்கும் அமாவாசையோடு சேர்ந்து வரும் சனி ஞாயிறு, பொங்கல் என்று நாள் கிடைக்கும்போதெல்லாம் கண்ணமங்கலம், வேலூர், வாணியம்பாடி வழியாகக் காரில் கிளம்பிவிடுவோம். கோடையில் பக்கத்து வீட்டு அம்மா பலாச்சுளை கொண்டுவந்து தருவார். அந்த மலையிலேயே பிறந்தவர், ஆடு வளர்ப்பவர். நாங்கள் இல்லாதபோது வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். ஆடி மாதக் காற்றில் சவுக்கு மரங்கள் ஓயாமல் இரைச்சல் போடும். மகள் அதன் அடியில் போய் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருப்பாள். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும்போது, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. முதல் தடவை அப்படிக் கொட்டியபோது நானும் மனைவியும் பதறிப்போய்ப் போர்வைகளை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினோம். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை அகல விரித்து, சிரித்துக்கொண்டிருந்தாள். தறிச் சத்தம் வலிக்கிறது, இது ஏன் வலிக்கவில்லை? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளால் சொல்ல முடியாது. எங்களால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. என்ன செய்தால் அவளுக்கு நல்லது என்பதை நாங்கள் எப்போதும் இருட்டில் தடவித்தான் கண்டுபிடித்தோம். பாதி நாள் தவறாகவே கண்டுபிடித்தோம்.

இறங்கும் நாள்தான் கொடுமை. பையில் துணி வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். பாதி வளைவுகள் தாண்டியதும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் தொடங்கும். வேலூர் நெருங்கும்போது கைகள் காதுக்கு ஏறிவிடும். நான் கண்ணாடியில் பார்ப்பேன். வண்டியை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. மறுநாள் நூல் வரும், ஆள் வரும், சேலை போக வேண்டும். அவளை வலிக்கிற இடத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று தெரிந்தே ஓட்டுவேன்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு மார்கழி. காலை ஏழு மணி. பனி அவ்வளவு அடர்த்தியாக இறங்கியிருந்தது. வாசலில் நிறுத்திய கார் கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் போடப் போனேன். திரும்பி வந்தால் பின்கதவு திறந்திருக்கிறது, மகள் இல்லை.

மற்ற குழந்தை என்றால் பெயர் சொல்லிக் கத்தலாம். அவள் பெயருக்குத் திரும்ப மாட்டாள். கத்தினால் இன்னும் பயந்து, சத்தம் வராத பக்கமாக ஓடுவாள். நான் வாயைத் திறந்தேன், மனைவி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க. கத்துனா போய்டுவா."

அப்படியே இருவரும் பனிக்குள் இறங்கினோம். குரல் கொடுக்காமல், காலடியைக்கூட மெதுவாக வைத்து, சொந்தப் பிள்ளையைத் திருடப் போகிறவர்கள்போல. நான்கடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு விவசாயக் கிணறு இருந்தது. முதலில் அங்கேதான் போனேன். குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். பனிதான் இருந்தது, கிணற்றுக்குள்ளும் பனி. ஒரு கல்லைப் போட்டேன். தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அதை வைத்து எனக்கு என்ன தெரியும்? எவ்வளவு நேரம் அங்கேயே கிடந்தேன் என்று நினைவில்லை.

ஆட்டுக்கார அம்மாவிடம் மனைவி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்.

"இதுங்க பின்னாடி வா. ஆளு இருக்கற எடத்துல இதுங்க நின்னு மோந்து பாக்கும். நீ ஒண்ணும் பேசாத, அழுவாத."

வெயில் ஏறிப் பனி கொஞ்சம் விலகிய பிறகுதான் கிடைத்தாள். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கொய்யாத் தோப்பின் கடைசியில், தாழ்ந்த ஒரு கிளைக்கு அடியில் உட்கார்ந்து, இலைகளில் தொங்கிய நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை முழுக்க ஈரம். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு ஆடுகள் பக்கத்தில் நின்றன. நான் ஓடிப்போய்த் தூக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஈர மண்ணில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தொலைந்துபோனது அவளுக்குத் தெரிந்ததா, பயந்தாளா, எங்களை நினைத்தாளா, எதுவும் அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. அன்று மாலையே பின்கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அவளுக்குப் பிடித்த ஒரே வீட்டில் அவளைப் பூட்டிவைக்கவும் நானே ஏற்பாடு செய்தேன்.

மூன்று வருடம் கழித்து அந்தக் கொய்யாத் தோப்பு கைமாறியது. மரங்களை வெட்டி, வரிசையாக அறைகள் கட்டி, நடுவில் ஒரு நீச்சல் குளம் வெட்டினார்கள். கட்டுமானம் நடந்த வருடம் நாங்கள் அதிகம் போகவில்லை. முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை போனோம். நான்கு மணிக்கு ஒலிபெருக்கி தொடங்கியது. சுவர் அதிர்ந்தது. மகள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். இரண்டு கைகளும் காதில். அந்த வீட்டில் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் போய்ப் பேசினேன். விடுதி மேலாளர் இளைஞர், மரியாதையானவர். என் மகளைப் பற்றிச் சொன்னதும் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"சார், எனக்குப் புரியுது. ஆனா கெஸ்ட்டுங்க அவ்ளோ தூரத்துலேந்து வந்துகினு இருக்காங்க. இது ஒண்ணுதான் சார் கேக்கறாங்க. நிறுத்துனா என் வேலை போய்டும். நாளைக்கு மத்தியானத்தோட முடிஞ்சிடும் சார்."

ஊரில் என் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் எழுந்து வந்ததுபோலவே இங்கேயும் எழுந்து வந்தேன். அரை மணி நேரத்தில் பாட்டு பழையபடி ஏறியது.

கட்டிலுக்கு அடியில் மனைவியும் படுத்திருந்தாள். மகளின் முதுகுக்குப் பின்னால், தொடாமல்.

"வித்துடலாமா?" என்று கேட்டேன்.

"வித்துட்டு?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "திங்கக்கெழமை எல்லாரும் போய்டுவாங்க இல்ல? நாங்க இங்கியே இருந்துக்கறோம். நீங்க போங்க. நாங்க வெள்ளிக்கெழம வரோம்."

"நீ தனியா எப்படி?"

"ஊர்ல மட்டும் எப்படி இருந்தேன்?"

இப்போது மகளுக்குப் பதினைந்து வயது. வாரத்தில் ஐந்து நாள் அவளும் மனைவியும் மலையில். வெள்ளி மத்தியானம் நான் போய் அழைத்து வருவேன். மலையில் பாட்டு போடும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆரணிக்கு வெளியே, செய்யார் சாலையில் வயல் நடுவே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் மூவரும் இருப்போம். அங்கே தறி இல்லை, கம்பெனி பேருந்துகளின் ஹாரன் மட்டும் உண்டு. ஞாயிறு மாலை மறுபடி மலைக்குக் கிளம்புவோம். திங்கட்கிழமை காலை நான் மட்டும் இறங்குவேன். நாங்கள் மூவரும் சேர்ந்து விடுமுறைக்குப் போன வீடு இப்போது என்னை மட்டும் விட்டுவிட்டது. நல்ல ஏற்பாடு என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வேறொன்று எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

போன கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. ஒரு புதன்கிழமை மலைப்பாதையில் பாறை சரிந்து வழி அடைத்துவிட்டது. அன்று காலையிலிருந்து மனைவியின் போன் அணைந்திருந்தது. ஆட்டுக்கார அம்மாவின் போனும் அப்படித்தான். நான் காரை எடுத்துக்கொண்டு அடிவாரம்வரை போனேன். போலீஸ்காரர் ஒருவர் குடையோடு நின்று வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சார், மேல என் பொண்டாட்டியும் பொண்ணும் இருக்காங்க. பொண்ணுக்கு உடம்பு சரியில்லாதது மாதிரி சார். நடந்தாவது போறேன்."

"நடந்தும் விட முடியாதுங்க. இன்னும் கல்லு உருண்டுகினு இருக்குது. ரெண்டு நாளு ஆவும். மேல ஒண்ணும் ஆவல, வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போகவில்லை. ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தி, மேகம் மூடிய மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தார். இரவு காரிலேயே படுத்து, மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மனைவியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"கரெண்டு இப்பதான் வந்துச்சு. அரிசி இருக்குது, ஆட்டுக்கார அக்கா பால் குடுத்தாங்க. நாங்க நல்லாகீறோம். நீங்க சாப்ட்டீங்களா?"

"அவ?"

"அவளுக்கென்ன. நாலு நாளா தகரத்துல மழை. கட்டில்லயே படுத்துகினு சிரிச்சுகினு இருக்கா."

போனை மகள் பக்கம் பிடிக்கச் சொன்னேன். மழைதான் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துபோகும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு டீக்கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, வழி நாளைக் காலையில் திறந்துவிடுவார்களாம் என்று சொன்னார்.