சாச்சாவின் பிழைக் கணக்கு

எங்கள் ஊர்க் கடற்கரையில் கோல்ப் அடித்த ஒரே மனிதர் என் சாச்சாதான். வாப்பாவின் தம்பி. கட்டாரில் ஒரு கோல்ப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை. லீவில் வந்தபோது இரண்டு மட்டையும் கொஞ்சம் பழைய பந்துகளும் கொண்டுவந்தார். ஊரார் அதை ஹொக்கி என்றே சொல்லிக்கொண்டார்கள்.

லீவு முடிந்து திரும்பிப் போனதும் அங்கே அவர் கோல்ப் அடித்துக் காட்டவேண்டிய ஒரு சோதனை இருந்தது. தேறினால் விளையாட்டுப் பழக்குபவருக்கு உதவியாள் வேலை. ஊரில் இருக்கும் தன் மனைவியை, எங்கள் சாச்சியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். தேறாவிட்டால் பழையபடி புல் வெட்டும் மெசின்தான். அவர் அங்கே, சாச்சி இங்கே.

எத்தனை அடி சரிவருகிறது என்று எண்ணும் வேலையை என்னிடம் தந்தார். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. நல்லதை எண்ணினால் அதிலுள்ள பரக்கத், அதான் விருத்தி, போய்விடுமாம். எங்கள் வீட்டில் நெல் மூட்டையைக்கூட யாரும் வாய்விட்டு எண்ணமாட்டார்கள். நான் விடுவேனா? பிழைத்ததை, தவறிப்போன அடியை மட்டும் எண்ணினேன். தூர அடி பிழைத்தால் பெரிய சிப்பி ஒன்று, மணலில் தோண்டிய குழிக்குக் கிட்டப் பிழைத்தால் சின்னச் சிப்பி ஒன்று.

சில நாளில் பார்த்தால் பெரிய சிப்பிகள் ஒரு கைக்குள் அடங்கின. சின்னச் சிப்பி குவிந்து கிடந்தது. சாச்சாவுக்கே ஆச்சரியம். தோணி இழுக்கிறவர்கள் கைதட்டுகிறார்கள் என்று மனிதர் தூர அடியையே கூடுதலாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். அன்றிலிருந்து ஈர மணலில் குழிக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்று மெல்லத் தட்டிப் பழகினார். சின்னக் குவியல் வளர்வது குறைந்தது.

ஆனால் முற்றாக நிற்கவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு சாச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவருவார். அவர் வந்து நின்ற பிறகுதான் சிப்பி விழுந்தது. லேசுப்பட்ட கண்டுபிடிப்பா அது? இருவருக்கும் நடுவில் நின்று சொன்னேன்:

"சாச்சா, சாச்சி வந்தாத்தான் உங்களுக்குப் பிழைக்கிது."

சாச்சா மட்டையின் மணலைத் துடைத்தார். இனி வரமாட்டேன் என்று சாச்சி சிரித்தார். சொன்னபடியே அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணியை என்னிடம் கொடுத்துவிட்டார். பந்தெல்லாம் சொல்லிவைத்தமாதிரி குழிக்குள் போனது. என் தலைக்கனத்தைக் கேட்கவேண்டுமா!

கட்டாருக்குப் போய்ச் சில கிழமைக்குப் பிறகு சாச்சா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கச் சத்தமாகப் போட்டிருந்தோம். சோதனையில் தேறவில்லையாம். தூர அடியெல்லாம் நல்லமாம். குழிக்குக் கிட்டத்தான் பிழைத்ததாம். சாச்சி பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கணக்கு எப்படிப் பொய்க்கும்? போனைப் பறித்துக் கேட்டேன்.

"சாச்சி அங்க இல்லத்தானே. பிறகு எப்பிடிப் பிழைச்ச?"

அந்தப் பக்கமிருந்து சாச்சா திருப்பிக் கேட்டார்:

"ஆரு சொன்ன மகள், அவ இங்க இல்லெண்டு?"

சாச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். சாச்சி எப்போது கட்டாருக்குப் போய்வந்தார் என்று நான் உம்மாவிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.