நீதிமன்றம் தந்த சனிக்கிழமை

மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்திலேயே கரம்பொன் ஊர்க் கதிர்காமுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வியாபாரத்துக்கு அது உதவியது, வீட்டுக்கு உதவவில்லை. ஒரே மகள் துஷாந்திக்கு ஊர் வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, மருமகன் பிரதாபனோடும் பேத்தி மேனுகாவோடும் அங்கேயே இருந்தார். துஷாந்தியை டெங்கு கொண்டுபோயிற்று. பிறகு பிரதாபன் அனலைதீவில் கேதீஸ்வரி என்ற பெண்ணை மறுமணம் பேசியபோது மனுசனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ர பிள்ளையின்ர சீதன வீட்டுக்குள்ள இன்னொருத்தி கால் வைக்க ஏலாது. திறப்பைத் தந்திட்டு வெளிக்கிடும்."

தாயில்லாப் பிள்ளை தாய்வீட்டோடுதான் என்பது பழைய வழக்கம். மருமகன் போனால் வீடும் பேத்தியும் தனக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும். பிரதாபன் வீட்டுச் சாவியை மேசையில் வைத்தான், மேனுகாவைக் கையில் பிடித்தான், அனலைதீவுக்குப் படகேறிவிட்டான்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் அந்தப் படகில் போய், "பிழைதான், தம்பி" என்று சொல்லியிருக்கலாம். சொன்னாரா? சட்டத்தரணியிடம் போனார்.

"அம்மப்பாவுக்கெண்டு தனி உரிமை எழுதிக் கிடக்கேல்லை, ஐயா. பிள்ளைக்கு நல்லதோ எண்டுதான் நீதிமன்றம் பாக்கும். கேட்டுப் பாப்பம்."

கேட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பேத்தியைப் பார்க்கலாம் என்று கட்டளை வந்தது. வென்றுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், பாவி மனுசன்.

முதற் சனிக்கிழமை. தகப்பனும் மகளும் கதிர்காமு வீட்டு வாசலில், படலையடியில் வந்து நின்றார்கள்.

"உள்ள வாம்மா. உனக்கெண்டு இறால் பொரிச்சு வைச்சிருக்கிறன்."

மேனுகா தகப்பனின் கையை விடவில்லை. "அப்பாவை வெளிக்கிடச் சொன்னனீங்கள்தானே. அப்ப நானும் வரேல்லை."

மருமகனை வெளிக்கிடச் சொன்ன அன்றைக்கு அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதைக் கதிர்காமு நினைத்தே பார்த்ததில்லை.

"தம்பி, நீரும் உள்ள வாரும்."

"வேண்டாம், மாமா." பிரதாபனின் குரலில் கோபமே இல்லை. "கோட்டில வழக்குப் போட்டு நீங்கள் பிள்ளையை மட்டும்தானே கேட்டனீங்கள்."

கதிர்காமு கதிரையைத் தூக்கிவந்து படலைக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டு, றோட்டில் வைத்தே பேத்தியைப் பார்த்தார். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவளும் ஒவ்வொரு முறையும் நல்லம் என்றாள்.

படகுக்கு நேரமானதும் தகப்பனும் மகளும் புறப்பட்டார்கள்.

"அடுத்த மாசமும் வருவியோ, அம்மா?"

"ஓம், அம்மப்பா," என்றாள் மேனுகா. "வராட்டிக் கோட்டில அப்பாவை ஏசுவினம்."