மணிக்கூட்டின் பின்பக்கம்

இன்று வெள்ளவத்தையில் கையில் கட்ட ஒரு மணிக்கூடு வாங்கப் போனேன். கிழமையும் திகதியும் காட்ட வேண்டும், பஸ் நெரிசலில் அடிபட்டாலும் உடையக் கூடாது. அவ்வளவுதான் என் தேவை.

கடைக்கார நானா ஒரு ஸ்டீல் மணிக்கூட்டை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டிக் காட்டினார். நிற்காமல் ஓடியது. பிடித்துவிட்டது.

"பின்னால பேர் வெட்டவா சேர்?"

"பரிசு இல்லை நானா, எனக்குத்தான்."

"அதான் கேக்குறேன். பஸ்ஸிலதானே போறீங்க? சண்டை நடக்கிற காலம், குண்டு வெடிச்சா ஐ.சி. அட்டை எரிஞ்சிரும், இது மிஞ்சும். இப்ப எல்லாரும் வெட்டிக்கிறாங்க."

திகதியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"பேரோட ஒரு நம்பரும் சொல்லுங்க. யாருக்கு அறிவிக்கணும்?"

யோசித்தேன். மச்சான் கனடா போனதும் என்னை மறந்தவன். மிஞ்சியது கிருலப்பனையில் இருக்கும் அண்ணன். அம்மாவின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிய நாளிலிருந்து அவரோடு நான் கதைப்பதில்லை.

அவருடைய நம்பரைத்தான் சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது மனப்பாடமாக இருந்தது. குண்டுக் கதையைவிட அதுதான் என்னை அதிர வைத்தது.

நீங்கள் யாருடைய நம்பரைச் சொல்வீர்கள்? என்னுடையதைச் சொல்ல நினைப்பவர்கள் முதலில் என்னைக் கேட்கவும்.