சாக்கோடு எடை

ஷைலஜாவுக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை கொஞ்சம் தூக்கல். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கு ஒன்றுக்கு எடை பார்க்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அவள். முதலாளி ஹரிநாராயணன் அன்று காலை போனில் சத்தம் போட்டபோதும், "தப்பு என் புரோகிராம்ல இருக்காது சார்" என்று பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

பழைய தராசு பழுதாகிப் புதிது வந்திருந்தது. அதில் ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் முக்கால் கிலோ குறைந்தது.

"பன்னெண்டு மணிக்கு லோரி போகணும். அதுக்குள்ள ஸரியாகல்லைன்னா உன் கம்ப்யூட்டரை எடுத்துண்டு போய்க்கோ. நமக்கு நோட்டுப் புஸ்தகம் மதி, அது போதும்!"

அவளுக்குச் சுருக்கென்றது. கடைத்தெருவில் அவளுக்குக் கிடைத்த முதல் கிடங்கு அது. கூட வேலை பார்க்கும் சந்தீப்பை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

புரோகிராமுக்கும் தராசுக்கும் நடுவே அவள் ஓர் இன்டர்ஃபேஸ் வைத்திருந்தாள். எந்தத் தராசானாலும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: எடை என்ன, எண் அசையாமல் நின்றதா, பூஜ்யத்துக்குத் திரும்பியதா. எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது அந்தந்தத் தராசுக்கென்று தனியே எழுதும் 'கிளாஸ்' என்ற சின்னப் புரோகிராமின் பாடு. அவள் அம்மா காளியம்மை கார்ப்பரேஷனில் தெரு கூட்டுபவள். அம்மா லீவு போட்டால் வேறு ஆள் வருவார். யார் வந்தாலும் ஏழு மணிக்குத் தெரு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லித்தான் முதலாளிக்கு விளங்க வைத்திருந்தாள்.

புதிய தராசின் கிளாஸை எழுதியவன் சந்தீப். கிடங்கில் உட்கார்ந்து அதைப் படித்தவள் நிமிர்ந்தாள்.

"சாக்கோட எடையை எதுக்குக் கழிச்சிருக்கீங்க, சேட்டா?"

"கழிக்கண்டாமா? எடைன்னா மிளகோட எடைதானே?"

அந்தக் கிடங்கில் மிளகைச் சாக்கோடுதான் ஏற்றுவார்கள். சாக்கைக் கழிப்பது கடைசியில். அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் எழுதிவைப்பதில்லை. ஷைலஜாவும் எழுதவில்லை. இன்டர்ஃபேஸில் வெறுமனே 'எடை' என்றிருந்தது. சாக்கின் முக்கால் கிலோவைச் சந்தீப் ஒரு தடவை கழிக்க, புரோகிராம் இன்னொரு தடவை கழித்துவிட்டது.

'எடை'யை அழித்து 'சாக்கோடு எடை' என்று மாற்றினாள். உடனே இரண்டு தராசுகளின் கிளாஸும், எடையைக் கேட்கும் புரோகிராமும் பெயர் பொருந்தாமல் திரையில் சிவப்பாகக் கத்தின. கத்தட்டும், இனி யாரும் தெரியாமல் எழுத முடியாது. எல்லாவற்றிலும் பெயரை மாற்றி, சந்தீப்பின் கழித்தலை எடுத்தாள். புரோகிராமில் அந்தப் பெயரைத் தவிர வேறெதையும் அவள் தொடவே இல்லை.

பழைய தராசு பழுதாகுமுன் நேற்று அதில் நிறுத்த மூட்டையைச் சுமைக்காரர் செல்லதுரை புதியதில் ஏற்றினார். அதே எடை. மணி பதினொன்றரை.

"அப்போ தப்பு ஆரோடதாக்கும்?" ஹரிநாராயணன் சந்தீப்பைப் பார்த்தார். அவன் தலை தாழ்ந்தது.

ஷைலஜாவுக்கு நாக்கு கொஞ்சம் கூசியது.

"என்னோடதுதான் சார். நான் கேள்வியை அரைகுறையாக் கேட்டேன். அவரு ஒழுங்காத்தான் பதில் சொன்னாரு."

ஹரிநாராயணன் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மேஜைக்குள் போட்டு மூடினார்.