மழை நாளில் மட்டும் சூடேறிய கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டரைக் கிருஷாந்தி கடையில் முழுதாக வாங்கவில்லை. தலவாக்கலையில் மூடிவிட்டுப் போன ஒரு டெலிபோன் கடையிலிருந்து கேசிங் பெட்டி மட்டும் வந்தது. மதர்போர்டும் ப்ரொசசரும் அட்டனில் ஒரு கடைக்காரர் மூலம் கொழும்பிலிருந்து வந்தன. திரை, அவள் முன்பு வேலை செய்த ஸ்டூடியோவில் ஓரங்கட்டி வைத்திருந்தது. எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளே பூட்டினாள். ப்ரொசசர் மேல் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்டை அரிசி மணி அளவுக்கு வைத்து, அலுமினியத் தகட்டையும் அதன் மேல் ஃபேனையும் அழுத்தி மாட்டினாள். முதல்முறை சுவிட்சைப் போட்டபோது அவள் கணவன் ஜெயகாந்தன், ஏதாவது வெடித்தால் கரண்டை நிறுத்தத் தயாராக, மெயின் சுவிட்சைப் பிடித்தபடி நின்றான். வெடிக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இது நடந்தது, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில். கிருஷாந்தி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர் ஒருவரின் மகள். உயர்தர வகுப்புவரை படித்துவிட்டு அட்டன் ஸ்டூடியோவில் சேர்ந்து, கல்யாண வீட்டில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்சிங் வேலையைப் பழகிக்கொண்டாள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. வேலையை விடாமல் வீட்டுக்குக் கொண்டுவரத்தான் அந்தக் கம்ப்யூட்டர். ஜெயகாந்தன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலைக்காரன். விடிந்து வீட்டுக்கு வந்து, சற்றுத் தூங்கி எழுந்து, பகலில் வீட்டோடு இருப்பான்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா என்று கேசட்டுகள் வந்தபடி இருந்தன. வெட்டி ஒட்டும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே மணிக்கணக்கில் ஓடி முழுப்படத்தையும் உருவாக்கும். அந்த நேரத்தில் கிருஷாந்தி குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு அட்டனுக்குப் போய், முடிந்த வேலைகளைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வருவாள்.

ஜூன் மாத மழை தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது.

அட்டனிலிருந்து நனைந்து வந்து பார்த்தால் திரை இருண்டிருக்கும். படம் பாதியில் நின்றிருக்கும். திரும்பப் போட்டு, தொடக்கத்தில் வரும் நீலப் பக்கத்தில் ப்ரொசசரின் சூட்டைப் பார்ப்பாள். தொட்டால் கொப்பளிக்கும் அளவு சூடு. அதற்கு மேல் போனால் எரிந்துவிடும் என்று இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. ஏன் சூடேறுகிறது என்பதுதான் புரியவில்லை.

முதலில் கணவனின் உடுப்பைச் சந்தேகித்தாள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவன் சட்டையெல்லாம் தேயிலைத் தூளும் பஞ்சுமாக இருக்கும்.

"ஏங்க, இனிமே வாசல்லயே உடுப்ப மாத்திட்டு உள்ள வாங்க. அந்தத் தூசிதான் ஃபேன்ல போயி அடைக்குது."

அவன் சரியென்று தலையாட்டினான். மறுநாளிலிருந்து கொட்டும் மழையில் கூரைத் தாழ்வாரத்தில் ஒண்டி நின்று, குளிரில் பல் கிடுகிடுக்க உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கம்ப்யூட்டர் அப்படியும் நின்றது.

பிறகு பழைய பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தாள். ஜெயகாந்தன் பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் பிடித்தான். ஃபேனை மாற்றினாள். அதற்கும் அவன்தான் டோர்ச் பிடித்தான். மாற்றிய அன்று நன்றாக ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடி நின்றது. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை அதன் எதிரே வைத்துப் பார்த்தாள். அந்தக் குளிர்க் காற்றில் குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. ஏற்கெனவே அதற்கு நெஞ்சுச் சளி. அடுப்புப் புகை பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்று தோட்டத்து டாக்டரய்யா எச்சரித்து அனுப்பியிருந்தார். மேசை ஃபேனை எடுத்து ஒதுக்கிவிட்டு, பக்கத் தகட்டையும் திரும்பப் பூட்டிவிட்டாள்.

அட்டன் கடைக்காரருக்கு டெலிபோன் எடுத்தாள். அவர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். "நங்கி, வட்டவளைக் குளிரில் சூடா? கொழும்பு வெக்கையில் பெட்டியெல்லாம் சும்மா ஓடுகிறதே!" என்று, தங்கையை அழைப்பதுபோல் அழைத்து, சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். கிருஷாந்திக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் காரணம். ஏனென்றால் அதற்குள் அவளும் ஒன்றைக் கவனித்திருந்தாள். வெயில் அடித்த நாட்களில் கம்ப்யூட்டர் குறையில்லாமல் ஓடியது. மழை பெய்து குளிரில் கை விறைக்கும் நாட்களில்தான் அது கொதித்தது. இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

அந்த வாரம் இறம்பொடையிலிருந்து கந்தப்பன் வந்தார். அவருடைய மகளின் கல்யாண வீடியோவைக் கிருஷாந்தி ஏற்றிருந்தாள். சொன்ன நாள் தாண்டிவிட்டது. அவர் குடையை வாசலில் வைத்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் பேசினார்.

"அவசரப்படுத்துறேன்னு நெனைக்காதம்மா. மாப்ள திங்கக்கெழம கத்தாருக்கு ஏறுறாரு. கையில குடுத்து அனுப்புனா அங்க போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ரெண்டு வருசம் வரமாட்டாருல்ல. அதான்."

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். இப்படித் தன்மையாகக் கேட்டதால், "ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள்.

அவர் போனபின் ஜெயகாந்தன் கேட்டான். "கண்டியில யாருக்கிட்டயாவது குடுத்து முடிச்சிருவமா கிருஷா? நீயும் எத்தன நாளைக்குத்தான் இதோட மல்லுக்கட்டுவ?"

"நான் பூட்டுன மெசினு. அதுக்கு என்னா வந்துச்சின்னு எனக்கே தெரியலன்னா, பெறகு யாரு என்னைய நம்பி வேல குடுப்பாங்க?"

அவன் கந்தப்பன் குடித்துவிட்டு வைத்த கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

சனிக்கிழமை விடிந்தபோதே மழை. காலையில் படத்தை ஓடவிட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. வெற்று டிஸ்க்கும் அதற்கான உறையும் வாங்க அட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பஸ் நிற்கும் வளைவில் நாகலெட்சுமி நின்றிருந்தாள். ஜெயகாந்தனின் அக்கா, கீழ் லயத்தில் குடியிருப்பவள். கொஞ்ச காலமாகக் குழந்தையின் துணிகளை அக்காதான் வாங்கிப்போய்த் துவைத்துத் தருகிறாள் என்று ஜெயகாந்தன் சொல்லியிருந்தான். கிருஷாந்தி வேலைப் பளுவில் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"அண்ணி, நீங்க செய்ற ஒதவிய மறக்கவே மாட்டேன். இந்த மழையிலயும் பாப்பா துணிய எப்பிடித்தான் காயவைக்கிறீங்களோ. பொக வாட கொஞ்சமும் இல்ல."

நாகலெட்சுமி விழித்தாள். "என்னா துணி?"

"பாப்பா துணிதான். அவரு ஒங்கக்கிட்டதான குடுக்குறாரு?"

"அடியே, எங்க வீட்டுத் துணியே நாலு நாளா ஈரத்துல நாறுது. நான் எங்க ஒம்புள்ள துணிய தொவச்சேன்?"

கணவன் ஏன் பொய் சொன்னான்? அப்படியானால் துவைப்பது யார்? பஸ் வந்தது. நாகலெட்சுமி ஏறினாள், கிருஷாந்தி ஏறவில்லை. திரும்பி மேட்டில் ஏறி வீட்டை நோக்கி நடந்தாள். மனசு என்னென்னவோ நினைத்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெயகாந்தனைக் காணோம். பிறகு கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னாலிருந்து அவன் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

அவன் சுவருக்கும் மேசைக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு முழங்காலிட்டிருந்தான். பக்கத்தில் ஒரு பேசின். அதில் பிழிந்து முறுக்கிய சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். ஒவ்வொன்றாக உதறி, கேசிங்கின் முதுகில், வெதுவெதுப்பான காற்று வெளியே வரும் இடத்தை முழுக்க மூடி, ஓரம் பிசகாமல் விரித்துக்கொண்டிருந்தான்.

கிருஷாந்தி குடையைக் கீழே போட்டாள். ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. காலையிலிருந்து ஓடிய படமும் அதோடு போயிற்று. ஜெயகாந்தன் திடுக்கிட்டு நிமிர, மேசை விளிம்பில் தலை இடித்தது.

"என்னா கிருஷா, போகலயா?"

"ஈரத் துணிய கரண்டு மேல போடுறீங்களே! அடிச்சித் தூக்கியிருந்தா? நான் வந்து எதப் பாத்திருப்பேன்?" என்று கத்தினாள். கத்தியபடியே அழுதாள். குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது.

அவன் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து குழந்தையைத் தூக்கினான். "நல்லாப் புழிஞ்சிட்டுத்தான் போடுறேன். ஒரு சொட்டு சொட்டாது. அடுப்பு மேல கட்டுனா பொக ஏறும்னு டாக்டரய்யா சொன்னாருல்ல. இதுக்குப் பின்னால நல்ல சுத்தமான காத்து வருது. பாக்டரியில காத்தடிச்சிக் கொழுந்து வாட்டுற மாரி ஒரு மணித்தியாலத்துல காஞ்சிருது. வெயிலடிச்சா பின்னுக்கு வேலி மேல போட்டுருவேன். மழையிலதான்..."

"அண்ணி தொவைக்கிறாங்கன்னு சொன்னீங்க?"

"நான் தொவைக்கிறேன்னு சொன்னா நீ விடுவியா? மிக்சிங்க அப்பிடியே போட்டுட்டு எந்திரிச்சி வந்துருவ. பெறகு..." அவன் குழந்தையின் முதுகைத் தட்டினான். "எல்லாரும் வந்து தொவைக்கிற பீலிக்கரையில நாலு ஆம்பளைங்க பாத்தா என்னா சொல்லுவானுங்க? அதான் பொறத்தால கொல்லையில வச்சித் தொவச்சேன்."

கிருஷாந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு மேசைப் பின்னால் குனிந்தாள். துணிகளை எடுத்துப் பேசினில் போட்டாள். துணி மூடியிருந்த இடத்தில் கை வைத்தாள். தகடு சுட்டது. மழை நாள், வெயில் நாள் எல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இந்தக் காத்து வெளிய போகணுங்க. உள்ள இருக்கிற சூட்ட வெளிய தள்ளத்தான் இந்த ஃபேன். இத மூடுனா உள்ள கெடந்து வேகுது."

ஜெயகாந்தன் குழந்தையோடு குனிந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப இத்தன நாளும் அது நின்னது..."

"ஆமா."

"ஃபேன் மாத்துனது? கந்தப்பன் ஐயா வந்து நின்னது? எல்லாம் என்னாலயா?"

அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த கோபம் வடிந்துவிட்டது. துணி துவைத்ததற்காக ஒரு மனுசனை எப்படிக் கோபிப்பது? துணி தானாகத் துவைபட்டு, தானாகக் காய்ந்து, மடித்து வைத்திருந்ததை இத்தனை நாள் அவளும்தான் கேள்வி கேட்காமல் எடுத்துப் பிள்ளைக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல நிக்கவச்சி மழையில உடுப்பு மாத்தவச்சேன் நான்" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

இரண்டு பேருமாக மேசையைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டார்கள். படத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள். அவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காவலாளி மாதிரி எதிரே உட்கார்ந்தான். அவள் அடுத்த பஸ்ஸில் அட்டனுக்குப் போய் வந்தபோது பெட்டி இரைச்சலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் படம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கந்தப்பன் வந்து வாங்கிப்போனார். ஓரிடத்தில் பாட்டு படத்தை முந்திக்கொண்டு போனது. திருத்த நேரம் இருக்கவில்லை. கத்தாருக்குப் போனவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு கந்தப்பன் தன் தம்பி மகளின் கல்யாணத்துக்கும் இவளையே தேடி வந்தார்.

கம்ப்யூட்டர் அதன்பின் சூட்டினால் ஒருநாளும் நிற்கவில்லை. கிருஷாந்தி மாதத்துக்கு ஒருமுறை திறந்து, தூரிகையால் ஃபேனைத் தட்டிவிட்டு மூடுவாள். வட்டவளை டவுனில் சின்னதாக ஒரு கடை போடும்வரை அது ஓடியது.

துணி விஷயம்தான் உடனே தீரவில்லை. கயிறு கட்டி, பெட்டியிலிருந்து எட்டத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். காய மறுத்தது. கடைசியில் ஒவ்வொன்றையும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைப்பதென்று ஆயிற்று. அதையும் ஜெயகாந்தனே செய்தான்.

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று, அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே பேசினைத் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீர் விழும் பொதுப் பீலிக்கு நடந்தான். எதிர்பார்த்தபடியே ஆம்பிளைகள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் வாய்க்காரன் ஆண்டியப்பன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருக்கையில், "அங்க பாருங்கடா, புள்ள பாக்குற ஆயம்மா வருது!" என்று கூவினான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாகூடச் சிரித்துவிட்டார். ஜெயகாந்தனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் அடுத்த நாளும் பேசினைத் தூக்கிக்கொண்டு போனான், அதற்கடுத்த நாளும் போனான்.

ஆவணி பிறந்தபோது ஆண்டியப்பனின் மனைவிக்கு மூன்றாவது குழந்தை பிறந்து, அவள் உடம்புக்கு முடியாமல் படுத்தாள். ஒரு காலையில் பீலியில் வேறு யாரும் இல்லை. ஆண்டியப்பன் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜெயகாந்தன் பக்கத்துக் கல்லில் குந்தினான். மூட்டையை அவிழ்த்து ஒரு குழந்தைத் துணியை வெளியே எடுத்தான்.

"ஜெயகாந்தா."

"என்னா?"

"இந்த மஞ்சக் கறை... எந்த சவக்காரத்துக்குப்பா போகும்?"

ஜெயகாந்தன் தன் கையிலிருந்த சோப்புக் கட்டியை அவன் பக்கம் நகர்த்தினான். "மொதல்ல பச்சத் தண்ணியில ஊறப் போடு. சுடுதண்ணி ஊத்திறாத, கறை புடிச்சிக்கும்."